மூன்று பழைய துவக்குகளும் ஒரு கேத்தல் சுடுதண்ணீரும்

ரொறொன்ரோவில் இருக்கும் அக்காவின் மகன் போன மாதம் வாட்ஸ்அப்பில் மூன்று படங்களை அடுத்தடுத்து அனுப்பினான். முதலாவது, இரண்டாம் உலகப்போர்க் காலத்து லீ-என்ஃபீல்ட் நம்பர் 4. இரண்டாவது, விக்டோரியா காலத்து மார்ட்டினி-ஹென்றி. மூன்றாவது, வெளியே இரண்டு குதிரைகளும் (விசை இழுத்ததும் அடிக்கும் சுத்தியல்கள்) முயல் காது மாதிரி நிமிர்ந்து நிற்கும் இங்கிலிஷ் இரட்டைக்குழல். கீழே ஒரு வரி: "மாமா, மூண்டில ஒண்டுக்குத்தான் காசிருக்கு. எதை வாங்கிறது?"

குரல் பதிவில் பதில் சொல்லத் தொடங்கினேன். பத்து நிமிடம் கதைத்தும் முதலாவதைத் தாண்டவில்லை. இதே கேள்வியை வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே எழுத்திலேயே வைத்துவிடுகிறேன். லண்டனில் 22 வருடம் இருந்தவன் நான். அதில் நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் இங்கிலாந்தின் பிஸ்லி சுடும் வெளிகளில் பழைய துவக்குகளோடு போனவை. இப்போது கொக்குவிலில் இருக்கிறேன். வீட்டில் துவக்கு கிடையாது. துப்புரவுக் கம்பி ஒன்று மட்டும் அலுமாரியில் கிடக்கிறது. அது என் பாட்டன் அப்புவுடையது.

அப்புவுக்குப் பரந்தனில் வயல். காட்டுப்பன்றிக்காக லைசன்ஸ் எடுத்த பன்னிரண்டாம் நம்பர் இரட்டைக்குழல் ஒன்று வைத்திருந்தார். (நம்பர் என்பது குழல் அகலத்தின் அளவு; நம்பர் கூடக் கூடக் குழல் ஒடுங்கும்.) இரவில் வெடி வைத்தால் விடிய முதல் வேலை கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைப்பதுதான். குழலைக் கழற்றிக் கிணற்றடியில் நிறுத்தி, மேல்முனையில் புனல் வைத்து ஊற்றுவார். கீழே கறுப்பாய் ஓடும் தண்ணீர் மெல்ல மெல்லத் தெளியும். அதற்குள் குழல் கையில் பிடிக்க முடியாத சூடாகிவிடும். அந்தச் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். பழைய வேட்டிக் கிழிசலைக் கம்பியில் சுற்றி இழுத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி விட்டு, வானத்தைப் பார்த்துக் குழலைப் பிடித்து என்னைக் கூப்பிடுவார். "உள்ளுக்குப் பார். வளையம் வளையமா வெள்ளி மாதிரித் தெரியுதோ?" தெரியும். எங்கேயாவது ஒரு வளையம் நெளிந்து தெரிந்தால் அந்த இடத்தில் குழல் உள்ளே நசிந்திருக்கிறது என்பதை அவர்தான் சொல்லித் தந்தார். 1980களில் அந்தத் துவக்கு வீட்டைவிட்டுப் போனது. எப்படிப் போனது என்பது எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் தெரிந்த கதைதான்.

பல வருடம் கழித்து, பிஸ்லியில் ஒரு வயதான வெள்ளைக்காரர் தன் 303இன் குழலுக்குள் ஃபிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றுவதைக் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அன்றைக்கே அந்தக் கழகத்தில் சேர விண்ணப்பம் எழுதினேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு துவக்கைப் பற்றி ஆசையோடு எழுதுவது சிலருக்கு உறுத்தும். அது நியாயமான உறுத்தல். நான் சொல்ல வருவது நூறு வருடத்துக்கு முந்திய கைவேலையைப் பற்றி. அதைக் கெடாமல் காப்பது பற்றி. சட்டம் அனுமதிக்கும் நாட்டில், சட்டம் அனுமதிக்கும் வெளியில், கடதாசி இலக்கில் சுடுவது பற்றி. அவ்வளவுதான்.

மருமகனுக்கு நான் முதலில் கேட்ட கேள்வி: "தோட்டா எங்க வாங்கப்போறாய்?" அவன் அதை யோசிக்கவேயில்லை. பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. துவக்கின் அழகில் மயங்கி வாங்கிவிட்டு, பிறகு அதற்கு என்ன போடுவது என்று தேடுகிறார்கள். பழைய துவக்கு வாங்குகிறவன் துவக்கைத் தெரிவு செய்யவில்லை, அதன் தோட்டாவைத் தெரிவு செய்கிறான். என் முழு ஒப்பீடும் இந்த ஒன்றில்தான் நிற்கிறது.

லீ-என்ஃபீல்டில் தொடங்குகிறேன். 303 என்று எங்கள் ஊரில் சொல்வது இதைத்தான். இலங்கைப் படையும் பொலிசும் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்தது. இதில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. 1907இல் வந்த மார்க் 3 முதல் உலகப்போரின் துவக்கு. நம்பர் 4 இரண்டாம் போரின் துவக்கு. இரண்டுக்கும் பத்துத் தோட்டா கொள்ளும் மகசின், ஐந்தைந்தாகக் கோத்த சார்ஜரால் மேலிருந்து அழுத்தி நிரப்பலாம். தோற்றத்தில் மார்க் 3 அழகி. முனை வரை மரம் போர்த்திய அந்த மூக்கை ஒருமுறை கையில் பிடித்தவர் மறக்கமாட்டார். ஆனால் அதன் குறிகாட்டி குழலின் நடுவில் இருக்கும் திறந்த வெட்டு, கண்ணுக்குத் தூரம். நம்பர் 4இல் அது பின்னுக்கு வந்து, கண்ணருகே ஒரு சிறு துளையாக மாறிவிட்டது. குழலும் கொஞ்சம் தடிப்பு. நாற்பது தாண்டிய கண்ணுக்கு எது நல்லது என்று ஒரு நாள் வெளியில் நின்றால் விளங்கிவிடும். சுடுவதற்கென்றால் நம்பர் 4தான். ஜங்கிள் காபைன் என்று குட்டையாய் ஒன்று வரும். உதை கடுமை, போலிகளும் நிறைய. முதல் துவக்காக வேண்டாம்.

இதன் பெரிய பலம் தோட்டா இன்றைக்கும் புதிதாகச் செய்யப்படுவது. சேர்பியாவின் பிரிவி பார்ட்டிசான் நிறுவனம் 174 கிரெய்ன் (சன்னத்தையும் மருந்தையும் நிறுக்கும் சிறு எடை அளவு) சன்னம் வைத்த 303ஐச் செய்கிறது. பழைய படைத் தோட்டாவான மார்க் 7இன் சன்னமும் அதே எடைதான். துவக்கின் குறிகாட்டியில் வெட்டிய தூரங்கள் அந்த எடைக்கே கணக்குப் பார்த்தவை. கனடாவின் வடகோடியில் ரோந்து போகும் கனேடியன் ரேஞ்சர்ஸ் 1947 தொடக்கம் எழுபது வருடம் நம்பர் 4ஐத்தான் தூக்கித் திரிந்தார்கள். பனியில் உறையாமல் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) இழுபடும் துவக்கு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பார்த்து வாங்கவேண்டியவை இதிலும் உண்டு. போல்ட் கைப்பிடியின் பின்புறம் ஒரு இலக்கம் அடித்திருக்கும். அது உடலில் அடித்த இலக்கத்தோடு பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் யாரோ எப்போதோ வேறு போல்டைப் போட்டிருக்கிறார்கள். அப்போது ஹெட்ஸ்பேஸைச் சந்தேகப்படவேண்டும். பூட்டிய போல்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் இடையே உள்ள இடம்தான் ஹெட்ஸ்பேஸ். 0.064 அங்குல அளவுக் கட்டையை வைத்தால் போல்ட் மூடவேண்டும், 0.074 வைத்தால் மூடக்கூடாது. மூடினால் தோட்டாக் கோது பின்னுக்கு இழுபட்டு, அடியில் பிளந்து, சூடான வாயு முகத்துக்கு வரலாம். நம்பர் 4இன் போல்ட் தலைகள் 0 தொடக்கம் 3 வரை இலக்கமிட்டு நான்கு அளவில் வந்ததே இதைச் சரிசெய்யத்தான். இணையத்தில் போல்ட் தலை வாங்கித் தானே மாற்றிப் பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். துவக்குத் திருத்துநர் ஒருவர் அரை மணித்தியாலத்தில் அளந்து சொல்லுவார்.

இன்னொன்று, விளிம்புப் பூட்டு. 303 தோட்டாவுக்கு அடியில் துருத்திய விளிம்பு உண்டு. மகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னால் போனால் போல்ட் தள்ளும்போது இரண்டும் கொளுவி நின்றுவிடும். புதியவர் துவக்கு பழுது என்று நினைத்து ஓங்கிக் குத்துவார். பழுதில்லை, அடுக்கின முறைதான் பிழை.

மலிவாய்க் கிடைக்கிறதென்று போர்க்கால இருப்புத் தோட்டா வாங்கினால்தான் கேத்தல் கதை வருகிறது. தோட்டாவின் அடியில் அடிபட்டு மருந்துக்கு நெருப்பு வைக்கும் பழைய கேப்களில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். எரிந்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக, கறி உப்பின் தம்பியாகக் குழலுக்குள் படியும். உப்பு எண்ணெயில் கரையாது. மேலே எவ்வளவு எண்ணெய் பூசினாலும் கீழே அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரும்பைத் தின்னும். தண்ணீர் ஒன்றுதான் அதைக் கரைக்கும். கொதிநீர் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகிப் போய்விடும். அப்புவுக்கு இரசாயனம் தெரியாது. செய்தது சரி.

பழைய தோட்டாவில் இன்னொரு ஆபத்து, பிந்தி வெடிப்பது. விசையை இழுத்துக் 'கிளிக்' என்று மட்டும் கேட்டால் உடனே போல்டைத் திறக்கக்கூடாது. முனை இலக்கைப் பார்த்தபடியே ஒரு நிமிடம் முழுக்க நிற்கவேண்டும். பக்கத்து வரிசையில் ஒருவருக்கு 'கிளிக்'குக்கும் வெடிக்கும் நடுவில் நான் ஒரு மூச்சு இழுத்து விட்டிருப்பேன். அவர் கையை எடுக்காமல் இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை.

மார்ட்டினி-ஹென்றி வேறு உலகம். 1871இல் பிரித்தானியப் படை எடுத்தது; மகசின் கிடையாது, ஒரு தோட்டா மட்டும். கீழ் நெம்பை இழுத்தால் உள்ளே பின்முனையில் கீல் வைத்த ஒரு இரும்புக் கட்டையின் முன்பக்கம் தாழும், தோட்டாவை வைத்து நெம்பை மூடினால் ஏறிப் பூட்டும். அந்த இயக்கத்தின் எளிமையை நான் இன்னும் வியக்கிறேன். 1879இல் ரோர்க்ஸ் டிரிஃப்டில் சூலுப் போரில் நின்றது இதே துவக்குத்தான். குழல் சூடேறிக் கை பொசுங்குவதால் சிப்பாய்கள் அதன் மேல் மாட்டுத்தோல் தைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. வரலாற்றை விரும்புகிறவனுக்கு இதைப்போல் ஒன்று கிடையாது. சுடும்போது வரும் வெள்ளைப் புகையில் இலக்கு மறைந்துபோகும். அது விலகும்வரை அடித்ததோ தவறியதோ தெரியாமல் நிற்கும் அந்த இரண்டு நொடி எனக்கு மிகவும் பிடிக்கும்.

சட்டத்திலும் இதற்கு ஒரு சலுகை. கனடாவில் 1898க்கு முன் செய்த, 8.3 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ குழல்வாய் உள்ள, மகசினில்லாத சென்ரர்பயர் (அடியின் நடுவில் கேப் உள்ள தோட்டா சுடும்) நெடுந்துவக்கு 'தொன்மை' வகைக்குள் போகிறது. மார்ட்டினியின் குழல்வாய் 11 மில்லிமீற்றருக்கு மேல். அதனால் 1898க்கு முந்தியதென்றால் பி.ஏ.எல். என்ற கனடாத் துவக்கு உரிம அட்டை இல்லாமலே வைத்திருக்கலாம். லீ-என்ஃபீல்டுக்கும் பன்னிரண்டாம் நம்பர் இரட்டைக்குழலுக்கும் அந்த அட்டை கட்டாயம் வேண்டும். மருமகனை மார்ட்டினி பக்கம் இழுத்ததே இதுதான். ஆனால் அட்டை எடுக்கச் சோம்பல் என்பது துவக்கு வாங்கக் காரணமாகாது. அட்டைக்கான வகுப்பில் சொல்லித் தருவதெல்லாம் மார்ட்டினிக்கும் வேண்டியவைதான்.

தோட்டாதான் இதன் சிக்கல். கடைக்குப் போய்ப் பெட்டியாக வாங்கமுடியாது. பொதுவாக அவரவரே செய்துகொள்ளவேண்டும். 24ஆம் நம்பர் பித்தளைச் சொட்கன் கோதை வடிவமைத்து, ஈயம் வார்த்து, காகிதம் சுற்றி, 85 கிரெய்ன் கருமருந்துக்கு 480 கிரெய்ன் சன்னம் என்று படை வைத்த அளவை ஒட்டிச் செய்வார்கள். அதற்குக் கருவிகள், அச்சுகள், பழகிய ஒருவரின் பக்கத்தில் ஒரு வருடமாவது உட்கார்ந்திருக்கும் பொறுமை எல்லாம் வேண்டும். பிரித்தானியாவில் கருமருந்து வாங்கி வைக்கவே பொலிசிடம் தனிச் சான்றிதழ் எடுக்கவேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பே கிடையாது: கருமருந்துக்குப் பதிலாகப் புகையில்லா மருந்தைப் போடவே கூடாது. கருமருந்து மெதுவாகத் தள்ளும், மற்றது திடீரென்று அடிக்கும். 1870களின் இரும்பு அந்த அடிக்குச் செய்யப்பட்டதல்ல.

துப்புரவோ ஒவ்வொரு முறையும் கேத்தல்தான், இதில் தப்ப வழியே இல்லை. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கழிவாகும்; புகையாய்ப் போனது போக மிச்சம் குழலுக்குள் நிற்கும். அன்று மாலையே சவர்க்காரத் தண்ணீரும் கொதிநீரும் போகாவிட்டால் இரண்டு நாளில் கறள்.

போலிகளையும் சொல்லவேண்டும். ஆப்கான் எல்லைப்புறத்துக் கைவர் கணவாய்ப் பட்டறைகள் மார்ட்டினியைக் கையாலேயே பிரதி பண்ணின. முடிமுத்திரையும் விக்டோரியாவின் 'வீ ஆர்' எழுத்துகளும் அச்சொட்டாய் இருக்கும். கீழே ஆண்டு 1905 என்று இருக்கும். மகாராணி 1901 ஜனவரியிலேயே இறந்துபோனார். எழுத்துகள் திரும்பியும் தலைகீழாயும் அடித்தவையும் உண்டு. சுவரில் வைக்க அவை அருமையான பொருள்கள், சுடுவதற்கல்ல. 2003இல் காத்மண்டுவின் பழைய அரண்மனைக் களஞ்சியமொன்றில் இருந்த ஆயிரக்கணக்கான துவக்குகளை அமெரிக்க வியாபாரிகள் வாங்கிச் சந்தைக்கு விட்டார்கள். அவற்றுள் உண்மையான பிரித்தானிய மார்ட்டினிகளும் உண்டு, நேபாளத்திலேயே கையால் செய்த கஹேந்திராக்களும் உண்டு. கஹேந்திராவை வாங்கினால் பார்த்து ரசியுங்கள். சுடாதீர்கள்.

இனி இரட்டைக்குழல். இதில் என் மனம் நடுநிலையாக இல்லை, முதலே சொல்லிவிடுகிறேன். மருமகன் அனுப்பிய மூன்றாவது படம் அவனுடைய பூட்டனின் துவக்கின் அக்காபோல இருந்தது. குழலில் பாம்புச் சட்டை மாதிரி வரிவரியாய் ஓடும் கோலம். இரும்பும் உருக்கும் பட்டைபட்டையாய் முறுக்கி, சுருளாய்ச் சுற்றி, கொல்லன் அடித்து ஒட்டிய டமாஸ்கஸ் குழல் அது. கோலத்துக்காக வரைந்ததல்ல, ஒட்டின கோடுகளேதான் கோலம். அந்த அழகுதான் அதன் நோவும். ஒட்டுக்கு ஒட்டு உள்ளே கறள் புகுந்தால் வெளியில் ஒன்றும் தெரியாது.

பர்மிங்காமில் 1813இல் சட்டம்போட்டு நிறுவிய சோதனைச்சாலையும் லண்டனில் அதற்கும் பழைய துவக்குச் செய்வோர் சங்கமும் ஒவ்வொரு குழலையும் மேலதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து முத்திரை அடித்தன. குழலின் அடிப்பக்கத் தட்டைப் பகுதியைத் திருப்பிப் பார்த்தால் இந்த முத்திரைகள் வரிசையாய் இருக்கும். 'நைட்ரோ புரூஃப்' என்று இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. அது இல்லாவிட்டால் கருமருந்துக்கு மட்டும். முத்திரை பழையதென்றால் அது அன்றைய குழலுக்குச் சாட்சி, இன்றைய குழலுக்கல்ல. யாராவது இடையில் உள்ளே உரசிக் கறள் எடுத்திருந்தால் சுவர் மெலிந்திருக்கும். உட்குழல் அகலத்தையும் சுவர்த் தடிப்பையும் கருவி வைத்து அளக்கவேண்டும். கண்ணால் அளக்கிற விஷயமல்ல. ஓவலுக்குள் ஈ-எல்-ஜி என்றிருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சோதனை. அங்கிருந்து மிகச் சிறந்தவையும் வந்தன, மிக மலிந்தவையும் வந்தன.

அளவைக் கண்ணால் பார்த்து நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. லண்டனில் பழக்கமான ஒருவரிடம் இப்படி ஒரு துவக்கு வாங்கினேன். அறை (தோட்டா உட்காரும் இடம்) 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்குரியது. நான் வாங்கிப்போனது இன்றைய 70 மில்லிமீற்றர். போட்டுப் பார்த்தேன், வெண்ணெயில் கத்தி மாதிரி உள்ளே போனது. போகத்தான் செய்யும்: சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருக்கும், அப்போது அது குட்டை. சுடும்போது மடிப்பு விரிந்து, இடம் போதாமல், குழல் ஒடுங்குகிற கழுத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஈயமும் அடைப்பும் அந்த நெருக்கத்துக்குள்ளால் பிதுங்கிப் போகவேண்டும், அழுத்தம் எகிறும். ஆறு வெடி வைத்தேன். தோள் வலித்தது, பழக்கமின்மை என்று நினைத்தேன். பக்கத்தில் நின்றவர் குனிந்து ஒரு வெற்றுக் கோதை எடுத்து என்னிடம் காட்டினார். வாய் விளிம்பு நாய் கடித்த செருப்பு மாதிரிப் பிய்ந்திருந்தது. "இது எந்த அறை?" என்று மட்டும் கேட்டார். அன்று பின்னேரமே குழலை அளக்கக் கொடுத்தேன். வெடிப்பு எதுவுமில்லை. இரண்டு குழலையும் இணைக்கும் நடுவரியின் ஈயப்பற்று மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு விட்டிருந்தது. தெரிந்துகொண்ட பிறகு குழலை நூலில் தொங்கவிட்டு நகத்தால் தட்டிப் பார்த்தேன். நல்ல குழல் கோயில் மணி மாதிரி ரீங்காரம் இடும். இது 'டொக்' என்றது. வாங்க முதல் செய்திருக்கவேண்டிய சோதனை, ஒரு நூல் துண்டுதான் செலவு.

இன்னொரு ஆபத்து சொட்கன்களுக்கே உரியது. 20ஆம் நம்பர் தோட்டா தவறி 12ஆம் நம்பர்க் குழலுக்குள் விழுந்தால் அறையில் நிற்காமல் முன்னால் சறுக்கிக் கழுத்தில் அடைத்துக்கொள்ளும். விசை இழுத்தால் வெடிக்காது. சுடுபவர் தோட்டா போட மறந்துவிட்டேன் என்று நினைத்துப் பின்னால் ஒரு 12ஐப் போடுவார். அடுத்த இழுப்பில் குழல் பிளக்கும், இடது கைவிரல்கள் போகும். 20ஆம் நம்பர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். ஒரே சட்டைப்பைக்குள் இரண்டையும் போடாதீர்கள். வெடிக்காவிட்டால் குழலுக்குள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததைப் போடாதீர்கள்.

65 மில்லிமீற்றர்த் தோட்டா பிரித்தானியாவில் சாதாரணமாய்க் கிடைக்கும். ஈலி, ஹல், கேம்போர் எல்லோரும் செய்கிறார்கள். வட அமெரிக்கக் கடைகளில் எங்கு பார்த்தாலும் 70. தேடி எடுப்பிக்கவேண்டும். வாத்து வேட்டைக்கு ஈயம் கனடா முழுக்க 1999 தொடக்கம் தடை; அதற்கு மாற்றான உருக்குச் சன்னம் பழைய மென்குழலைக் கீறிவிடும், பிஸ்மத்தோ விலை கூட. அதனால் லண்டனில் இருப்பவன் கேட்டால் இரட்டைக்குழலுக்கு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். ரொறொன்ரோவில் இருப்பவனுக்கு அதைச் சொல்லமுடியாது.

நாலாவது வழியும் உண்டு: செயலிழக்கச் செய்து சான்றிதழோடு விற்கும் துவக்கு. சுவருக்கு நல்லது. பொறி இயங்குவதைக் கையால் உணர விரும்புகிறவனுக்கு உள்ளே ஒட்டி வைத்த இரும்பு சலிப்புத் தட்டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே வேறு. இங்கே 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச்சட்டம் இன்றும் நடக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்தத் துவக்கும் வைத்திருக்கமுடியாது, வருடாவருடம் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். பழையது, பாட்டன் வழியில் வந்தது, கறள் பிடித்தது என்ற எந்தக் காரணமும் எடுபடாது. கொல்லன் செய்த இடியன் துவக்கும் அப்படியே. கட்டுத்துவக்கைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. வன்னியில் பன்றிக்குக் கட்டி மனிசர் மாண்ட வீடுகள் எத்தனை. கிணறு இறைக்கும்போதோ அத்திவாரம் வெட்டும்போதோ இரும்பு தட்டுப்பட்டால், அது எவ்வளவு பழசாய்த் தெரிந்தாலும் கை வைக்கவேண்டாம். துவக்கின் பக்கத்தில் வேறு என்ன புதைந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. விலகி நின்று 119க்கு அறிவியுங்கள். சேகரிக்க ஆசைப்படுகிறவர் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குப் போகலாம். நெதர்லாந்து 2023இல் திருப்பிக் கொடுத்த ஆறு பொருள்களில் லெவ்கே பீரங்கியோடு இரண்டு 'மகா துவக்கு'களும் உண்டு. துவக்கு என்ற சொல் எங்கள் வாயிலும் சிங்களவர் வாயிலும் ஒன்றாயிருப்பதை அந்தப் பெயரிலேயே காணலாம்.

பராமரிப்பில் மூன்றுக்கும் பொதுவானவை கொஞ்சம்தான். மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே: பிடங்கில் அடித்த சிறு முத்திரைகள் போனால் திரும்பி வராது, விலையும் பாதியாகும். ஆளிவிதை எண்ணெயை விரல் நுனியால் மெல்லத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடு. இரும்புக்கு மறுபடி நீலப்பூச்சு ஏற்றாதே. தேங்காயெண்ணெய் ஆகாது, நாள்பட்டால் பிசுபிசுத்துப் பொறியை ஒட்டவைக்கும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதே, உறை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நிறுத்தி வைத்தால் முனை கீழாய் நிறுத்து. இல்லாவிட்டால் எண்ணெய் இறங்கிப் பிடங்கின் கழுத்து மரத்தை ஊறவைத்து உக்கச் செய்யும். கனடா வீடுகளில் பனிக்காலச் சூடு மரத்தை வறட்டிப் பிளக்கும், ஹீற்றர் பக்கம் வேண்டாம்.

சுடும் வெளியில் முனை எப்போதும் இலக்குப் பக்கம், குறி பிடிக்கும்வரை விரல் விசைக்கு வெளியே, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் உன் பொறுப்பு: சொட்கன் சன்னம் சில நூறு மீற்றரில் விழுந்துவிடும், 303இன் சன்னமோ 3 கிலோமீற்றருக்கு மேல் போகும். பழைய துவக்கை முதல்முறை சுடும்போது தனியே சுடாதே, அதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

ஆகவே மருமகனுக்குச் சொன்னது: அட்டையை எடு, நம்பர் 4ஐ வாங்கு. அதிலும் வேட்டைக்காக மரத்தை வெட்டிக் குறைத்ததை வாங்காமல், முழு மரத்தோடு இருப்பதை வாங்கு. ரொறொன்ரோவுக்குப் பக்கத்திலேயே லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் போர்க்காலத்தில் செய்தவை அங்கே நிறையக் கிடைக்கும். நீ இருக்கும் ஊரின் துவக்கு அது. மூன்று வருடம் அதோடு பழகு. பிறகு மார்ட்டினிக்குத் தோட்டா செய்கிற ஒருவரைத் தேடிப் பழகிக்கொள். இரட்டைக்குழலை, அளந்த தாள் கையில் இல்லாமல் வாங்காதே.

"பூட்டன்ர துவக்கு மாதிரி இருந்ததெண்டுதான் மாமா அதையும் அனுப்பினனான்" என்று எழுதினான். எனக்கு அது தெரியும்.

போன சனிக்கிழமை ஒரு கடையிலிருந்து படங்கள் வந்தன. இடப்பக்க உடலில் 'லோங் பிராஞ்ச் 1943', மார்க் 1 நட்சத்திரம். மரம் நல்ல நிறம். குழலுக்குள் கைபேசியை வைத்து எடுத்த படத்தில் வளையங்கள் நேராய் இருந்தன. போல்ட் இலக்கமும் பொருந்தியது. அந்த நட்சத்திர மாதிரியில் ஒரு பலவீனம் உண்டு: போல்டைக் கழற்றுவதற்காகப் போல்ட் தலை ஓடுகிற தண்டவாளத்திலேயே முன்பக்கம் ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். அதன் ஓரம் தேய்ந்தோ உடைந்தோ போனால் போல்டை இழுக்கும்போது தலை தண்டவாளத்தைவிட்டு எகிறி வெளியே வந்துவிடும். "அந்த இடத்தைக் கிட்டவாய் எடுத்து அனுப்பு" என்றேன். அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டின் ஓரத்தில் அரிசி மணி அளவு துண்டு இல்லை.

"வைச்சிட்டு வா" என்று எழுதினேன். அடுத்த சனி வேறு கடைக்குப் போகிறானாம்.